ஏரியல் கெடுத்த பிறந்தநாள்

எனக்கு ஒன்பது வயது இரண்டு முறை வந்தது. முதல் முறை சித்திரையில், ஒழுங்காக, கேக் வெட்டி. இரண்டாம் முறை அதே ஆண்டு கார்த்திகையில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வானொலியில். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நாற்பதைத் தாண்டியவள் இதற்கெல்லாம் கோபப்படலாமா என்று கேட்பவர்கள், தங்கள் வயதை நாடு முழுவதற்கும் பிழையாக ஒலிபரப்பக் கொடுத்துப் பார்க்கட்டும்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டை வடக்கில் நடந்தது. எங்கள் வீட்டுக்கு அது உறவினர்களாக வந்து சேர்ந்தது. யாராவது ஒருவர் ஒரு பையோடு வருவார், மண்டபத்தில் பாய் விரிப்பார், அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வருவார். சில வாரங்களில் அவர் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கார்த்திகையில் மண்டபத்துப் பாய் சின்ன மாமாவுடையது. அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் மாமியை விட்டுவிட்டு, கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கலியாணமாகி ஒரு வருடம்கூட இல்லை.

மாமா ஒரு புளுகர். கெட்ட புளுகு கிடையாது. கேட்பவர் வாயைப் பிளக்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிற புளுகு. பரீட்சையில் பௌதிகம் இரண்டு முறை அவரைக் கைவிட்டது. அந்தக் கோபத்திலோ என்னவோ, உலகத்தில் எதைக் கேட்டாலும் பௌதிகத்தில்தான் விளக்கம் சொல்வார். கரையோர ரயில் கடலை ஒட்டி ஓடுவது எஞ்சின் சூடேறாமல் இருக்கத்தான் என்று அவர் எனக்குச் சொன்னதை நான் வகுப்பில் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில் காலையில் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து போகும். பிள்ளையின் பெயர், ஊர், எத்தனையாவது பிறந்தநாள், பிறகு வாழ்த்துகிறவர்களின் பட்டியல். அந்தப் பட்டியல்தான் விசேஷம். அப்பா, அம்மா, தங்கைமார், சுன்னாகத்துப் பெரியம்மா, மட்டக்களப்பு மாமா குடும்பம், லண்டன் சித்தி என்று ஒரு பரம்பரையே வரிசையில் நிற்கும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது. நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டபடி யார் யாருக்கு எத்தனை மாமா என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

அன்றைக்கு என் பெயர் வந்தது. முழுப்பெயர், முதலெழுத்தோடு. வெள்ளவத்தையைச் சேர்ந்த செல்வி இன்னார் இன்று தனது ஒன்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார். இவரை அப்பா, அம்மா, தம்பி, சின்ன மாமா ஆகியோரும் கொடிகாமத்திலுள்ள மாமியும் வாழ்த்துகின்றனர்.

கடித்த பாணைத் தட்டில் போட்டேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா சம்பல் கரண்டியைக் கையில் பிடித்தபடி வானொலியையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. இப்படி ஒரு பிழை விட்டார்களே என்ற வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாமா தலை குனிந்திருந்தார். அப்பா மட்டும் இன்னொரு துண்டுப் பாண் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கதை முடியாது. வகுப்பில் பாதிப் பேர் வானொலி கேட்டிருந்தார்கள். டொபி எங்கே என்றார்கள். என் பிறந்தநாள் இன்றில்லை, எனக்கு ஒன்பது முடிந்து ஏழு மாதமாகிறது என்றேன். டொபி கொடுக்காமல் தப்பப் பார்க்கிறாள் என்றார்கள். வானொலியே சொல்லிவிட்டது, இவள் இல்லையென்கிறாள் என்று ஒருத்தி ரீச்சரிடம் போய் முறையிட்டாள். ரீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி எல்லோரையும் பாட வைத்தார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள். அன்று முதல் எனக்குக் கஞ்சப்பிசினாரி என்று பெயர். பொய்க்காரி என்றும் ஒரு பெயர். இரண்டாவதுதான் சுட்டது. நான் பொய் சொல்லாத பிள்ளை. அது என்னிடமிருந்த ஒரே நல்ல குணம் என்று அம்மாவே சொல்வார்.

வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு விசாரணையைத் தொடங்கினேன். யார் அனுப்பியது? அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு தனக்குத் தெரியாது என்றார். அப்பா வந்ததும் அவரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், நாங்கள் ஒருவரும் அனுப்பவில்லை என்றார். அப்படியானால் என் பெயர் எப்படி வந்தது என்று நான் காலை உதைத்துக்கொண்டு நின்றபோதுதான் மாமா குறுக்கே வந்தார்.

"அது ஏரியல் செய்த வேலை பிள்ளை," என்றார்.

பிறகு விளக்கினார். வாசிப்பவர் சரியாகத்தான் வாசிப்பார். ஆனால் சொற்கள் வானொலி நிலையத்தின் அந்தப் பெரிய ஏரியல் கம்பியில் ஏறி வெளியே பாயும்போது வளையும், நெளியும், உருக்குலையும். வேறெங்கோ ஒரு பிள்ளைக்கு வந்த வாழ்த்து, ஏறும்போது ஒரு பெயர், இறங்கும்போது இன்னொரு பெயர். அப்பா, அம்மா, தம்பி, சின்ன மாமா எல்லாம் சரியாக இருக்கிறதே என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பா, அம்மா இருக்குத்தானே என்றார். கொடிகாமம்? கொடிகாமத்தில் உன் மாமி மட்டுமா இருக்கிறா என்றார். இதற்கு ஆங்கிலத்தில் டிஸ்டோர்ஷன் என்று பெயர் என்றும் சொன்னார். ஆங்கிலப் பெயர் இருந்தபடியால் கொஞ்சம் நம்பினேன்.

கொஞ்சம்தான். ரயில் எஞ்சின் விஷயம் மறக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒழுங்கை முகப்பில் வானொலி திருத்துகிற பாஸிடம் போனேன். கைத்தொழில் தெரிந்தவரை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிங்களவர், ஒழுங்கையில் பாதி வீடு தமிழ் வீடு என்பதால் தமிழ் பேசிப் பழகியவர். ஒரு வானொலியின் குடலை வெளியே எடுத்துப் போட்டு ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். அனுப்புகிற ஏரியல் சொற்களை மாற்றுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஏரியல் கழற்றிய ஒரு பெட்டியை முடுக்கிக் காட்டினார். சத்தம் இரைந்தது, மங்கியது. ஒரு வயரைக் கொழுவினார், தெளிந்தது.

"ஏரியல் சும்மா கம்பி தானே, துவ," என்றார், மகளே என்ற பொருளில். "கம்பிக்கு மண்டை இல்ல. உள்ளுக்கு என்ன குடுக்கிறது, அதுதான் வெளிய போறது. வழியில இரைச்சல் சேரும். சத்தம் கொறையும். ஏப்ரல் சொன்னா நவம்பர் வாறது இல்ல."

அனுப்பும் ஏரியலும் இப்படித்தானா என்று கேட்டேன். அது பெரிய கம்பி, அவ்வளவுதான் என்றார். அவர்கள் அலையோடு அது பொருந்தாவிட்டால் சத்தம் தூரம் போகாது. பெயரெல்லாம் மாறாது என்றார்.

ஆக, மாமா சொன்னது பொய். அப்பாவும் அம்மாவும் அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் என்னிடம் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிஞ்சியது வானொலி நிலையம். குற்றவாளி பிடிபட்டுவிட்டான்.

எனக்கு ஒளித்ததை உங்களுக்கும் ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. வாழ்த்தை அனுப்பியது அப்பாதான். யாழ்ப்பாணத்துக்கு அப்போது தொலைபேசி கிடையாது. கடிதம் கப்பலில் போய்ச் சேர மாதக்கணக்காகும். வழியில் யார் யாரோ பிரித்துப் படிப்பார்கள். மாமா படகேறிய அதே கிழமையில் அந்தக் கடலேரியில் படகுகள் சுடப்பட்டிருந்தன. மாமி அவரை வழியனுப்பிவிட்டு, பிறகு ஒரு செய்தியும் இல்லாமல் இருந்தார். போகும்போது இருவரும் பேசி வைத்து, முன்னால் வந்த உறவினர் ஒருவர் மூலம் அப்பாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: உயிரோடு கொழும்பு சேர்ந்தால், வெள்ளவத்தைப் பிள்ளைக்கு வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வரும், அதில் சின்ன மாமாவும் இருப்பார். என் உண்மையான பிறந்தநாள் வரும்வரை எப்படிப் பொறுப்பது? மாமாவின் பெயரைச் சொல்லி அறிவிக்கவும் பயம். அதனால் என் பெயர் போயிற்று. எனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், என் வாய்க்குப் பூட்டில்லை என்பது அந்த வீட்டின் ஏகமனதான முடிவு. பெயரைக் கேட்காமல் எடுப்பார்களாம், விஷயத்தைச் சொல்ல மட்டும் நம்பிக்கை இல்லையாம். இந்த நியாயம் எனக்கு இன்றும் புரியவில்லை.

நான் கடிதம் எழுதினேன். கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து, கோடு போட்டு, மூன்று முறை திருத்தி எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, எனது சின்ன மாமா, உங்கள் ஏரியலில் ஏறும் சொற்கள் வளைந்து உருக்குலைந்துதான் வெளியே வருகின்றன என்றும், அதனால் பெயரும் வயதும் மாறிவிடுகின்றன என்றும் சொல்கிறார், இது உண்மையா என்று தொடங்கினேன். வானொலி திருத்துபவர் இதை மறுக்கிறார் என்று அடுத்த வரி. பிறகு முறைப்பாடு: கார்த்திகையில் எனக்குப் பிறந்தநாள் இல்லை, எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த வாழ்த்தை அனுப்பவில்லை, இதனால் என்னைப் பாடசாலையில் பொய்க்காரி என்கிறார்கள், தயவுசெய்து பகிரங்கமாகத் திருத்தவும். பகிரங்கமாக என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு. அப்பாவின் மேசையிலிருந்து முத்திரை எடுத்து ஒட்டி, காலி வீதித் தபால் பெட்டியில் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை. சிறுவர் நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. மாமா கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார், அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியை நடத்தியவர், வெள்ளவத்தையிலிருந்து கோபமான கடிதம் ஒன்று வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வாசிக்கத் தொடங்கினார். ஒரு வரியும் விடவில்லை. நான் நாற்காலியில் ஏறி நின்றேன். வாசித்து முடித்துவிட்டு, நிலையத்து எஞ்சினியரிடம் கேட்டதாகவும், ஏரியல் கொடுத்ததைத்தான் அனுப்பும், எதையும் வளைக்காது என்று அவர் சொன்னதாகவும், நடந்த பிழைக்கு வருந்துவதாகவும் சொன்னார். நாடு முழுவதற்கும் சொன்னார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பிப் பார்த்தேன். மாமாவின் கன்னத்தில் பாதி நுரை அப்படியே இருந்தது. சவர அலகைக் கழுவாமல் கீழே வைத்தார். அம்மா எழுந்து வந்து என்னை நாற்காலியிலிருந்து இறக்கி, கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதற்கு முன் அம்மா என்னை அடித்ததில்லை. கையில் உள்ளி மணந்தது.

"குடியைக் கெடுத்துப்போட்டாய். அவள் இதைக் கேட்டிருந்தாளெண்டால் என்ன நினைப்பாள்? ஒருத்தரும் அனுப்பேல்லையாம்."

எவள், எதை என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் பயந்தது இதற்குத்தான்: மாமி இதைக் கேட்டால், வாழ்த்து வந்ததே ஒரு பிழை, மாமா வந்து சேரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். அப்பா அன்றைக்கே வானொலி நிலையத்துக்கு ஓடினார். ஒரே மாதத்தில் இன்னொரு வாழ்த்தா, அதுவும் பிழை விட்ட அதே முகவரிக்கா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா பால்கனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நாலு நாள் கழித்து விடியற்காலையில் அவர் விமானம் ஏறப் புறப்பட்டபோது என்னை எழுப்பினார்கள். நான் போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பொய் சொன்னவருக்கு நான் ஏன் கை காட்ட வேண்டும்? அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் அதையும் தட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மாமா சுவிஸில் சேர்ந்த செய்தி மாமிக்குக் கிடைத்து, மாமி கொழும்புக்கு வந்து, அங்கிருந்து அவரிடம் போய்ச் சேர ஆறு வருடம் பிடித்தது. அந்த அறைக்கு மட்டும் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்தேன். வருடக்கணக்காக எதிர்பார்த்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது எப்படியோ பேச்சு அங்கே போனது. அம்மா விட்ட அந்த அறையைப் பற்றி நான், பகிடியாகத்தான், கொஞ்சம் உறைப்பாகவும்தான், சொன்னேன். பிறகு மாமி சொன்னதுதான் நான் இதை எழுதக் காரணம்.

அந்தப் பிறந்தநாள் வாழ்த்தை மாமி கேட்டிருந்தாராம். நம்பவில்லையாம். வாழ்த்தை யாரும் கொடுக்கலாம். தான் உடைந்துபோகாமல் இருக்கவேண்டும் என்று என் அப்பாவே பொய்யாகக் கொடுத்திருக்கக்கூடும் என்றுதான் நினைத்தாராம். ஊரிலும் இரண்டு பெண்கள் காதுபட அப்படிச் சொன்னார்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன் நின்று, பொட்டு வைப்பதா விடுவதா என்று யோசிப்பாராம். அந்தச் சனிக்கிழமையும் வானொலி கேட்டிருக்கிறார். மின்சாரம் இல்லாத ஊர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ஓடுகிற வானொலி. சுற்றுவதை நிறுத்தினால் வானொலியும் நின்றுவிடும். கடிதத்தின் முதல் வரி வந்ததாம். எனது சின்ன மாமா, உங்கள் ஏரியலில் ஏறும் சொற்கள் வளைந்து உருக்குலைந்து என்று தொடங்கி, சொல்கிறார் என்பது வரை.

"அந்த விசர்க் கதையை உன்ர மாமாவைத் தவிர இந்த உலகத்தில வேற ஆர் பிள்ளை சொல்லப்போகினம்? 'சொல்கிறார்' எண்டு வேற எழுதியிருந்தனி. எனக்குக் கை ஓடேல்லை. பெடலை விட்டுட்டு நிலத்தில இருந்து அழத் தொடங்கினனான்."

வானொலி அதோடு நின்றுவிட்டது. மீதிக் கடிதத்தை மாமி கேட்கவே இல்லை. மூன்று பெரியவர்கள் அந்த மண்டபத்தில் முழுக் கடிதத்தையும் கேட்டார்கள். ஒருவருக்கும் முதல் வரி காதில் விழவில்லை. எனக்கு அடி விழுந்தது.

தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இந்த முறை அம்மா மீதும் வானொலி மீதும் இல்லை. ஒரு பெண்ணுக்குத் தன் புருஷன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளையும், ஒரு சைக்கிளையும், ஒரு புளுகையும் விட்டால் வேறு வழி இல்லாமல் ஒரு நாட்டை வைத்திருந்தார்களே, அவர்கள் மீது வந்த கோபம். ஒன்பது வயதில் என்னிடமிருந்த அவ்வளவு கோபத்தையும் நான் ஒரு கம்பியிலும் ஒரு அறிவிப்பாளரிடமும் வீணாக்கியிருந்தேன்.

மாமி மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார். "மிச்சம் என்ன எழுதினனி? இவ்வளவு காலமும் உன்னட்டைக் கேக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

மிச்சம் எனக்கு இன்றும் வரி பிசகாமல் மனப்பாடம். கார்த்திகையில் எனக்குப் பிறந்தநாள் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த வாழ்த்தை அனுப்பவில்லை.

"பெரிசா ஒண்டுமில்லை மாமி," என்றேன். "வாழ்த்தினதுக்கு எல்லாருக்கும் நன்றி எண்டு எழுதினனான்."

நல்ல பிள்ளை என்றார் மாமி. ஒன்பது வயதில் அந்தப் பொய் என் வாயில் வந்திருக்காது. அப்படி ஒரு பொய்யை ஒருவருக்குச் சொல்லவேண்டி வரும் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.